பெரிய புத்தர் கோயிலில் நாற்பது நிமிடம்

காலை பத்து நாற்பது. இருபத்தேழு பேர். வேதரத்தினம்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் சார். டூருக்குப் பேர் கொடுக்க வருகிறவர்களில் பத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்காமல் போவதில்லை. “ஜப்பான்ல ஏதோ பிரச்சினையாமே, பேப்பர்ல வந்துச்சாமே” என்று ஆரம்பிப்பார்கள். பேப்பரில் வந்தது ஆறு வரி. அதிலும் கோயிலைக் கொண்டுபோய்ச் சீனாவில் வைத்துவிட்டார்கள். ஆகவே என் வாயால் கேட்டுக்கொள்வது உங்களுக்கும் நல்லது.

பாஸ்போர்ட் கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா? இப்படிக் கொடுங்கள். வீட்டம்மாவுடையதும் கொடுங்கள். இதோ, இந்த மஞ்சள் பையில் போட்டாயிற்று. இனி அது என் பொறுப்பு. விமான நிலையத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுப்பேன், தாண்டியதும் திரும்ப வாங்கிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். ஜப்பானில் அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்க வேண்டும் என்று சட்டமாம், அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண் ஹருமி சொன்னாள். சட்டம் போட்டவன் நம் ஆட்களை ஒரு நாள் மேய்த்துப் பார்க்கட்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின வருஷம் ஒசாகாவில் இரண்டு பையன்கள், மன்னார்குடிப் பக்கம், பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார்கள். மாமாவுக்கு மருந்து வாங்கிவருகிறோம் என்று போனார்கள். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே ஏதோ கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார்களாம். பத்து மாதம் என் ஆட்கள் ஒருத்தருக்கும் விசா கிடைக்கவில்லை. சூடு கண்ட பூனை சார் நான்.

வேதரத்தினத்துக்கு வருகிறேன். வேதாரண்யத்துக்காரர். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. மனைவி பேர் செண்பகவல்லி. போன ஜனவரியில் இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஜப்பான் டூருக்கு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்? சாம்பார் கிடைக்குமா, குளிர் எப்படி, புல்லட் ரயிலில் ஏற்றுவீர்களா. இவர் ஒன்றையும் கேட்கவில்லை. அட்டவணையில் கடைசி நாளுக்கு நேராக விரலை வைத்தார்.

“இந்தப் பெரிய புத்தர் கோயில்ல எவ்வளவு நேரம் நிக்கும் தம்பி?”

“நாப்பது நிமிஷம் ஐயா.”

“ஒரு மணி நேரம் ஆக்க முடியாதா?”

கோயிலின் பேர் எதற்கு, சொன்னாலும் வாயில் நுழையாது. கடற்கரை ஊர். நாலு மாடி உயரத்துக்கு வெண்கலத்தில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், எழுநூறு வருஷமாக. நம் நாகப்பட்டினத்திலும் தோண்டுகிற இடத்தில் வெண்கல புத்தர் வந்த காலம் உண்டு. எல்லாம் கைக்கடக்கமானவை. இது வேறு. பார்த்ததும் நம் ஆட்கள் தங்களையறியாமல் செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

பணம் கட்டினார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் பதினொரு விதி இருக்கிறது, உங்களிடமும் கொடுத்திருக்கிறேன். ஒன்பதாவதைப் படித்தீர்களா? ‘கடந்த ஓராண்டுக்குள் குடும்பத்தில் துக்கம் நிகழ்ந்தவர்கள் பயணத்தில் சேர இயலாது.’ நானாகப் போட்டதில்லை. எந்த டூர் ஆனாலும் நாலு கோயில் வரும். வருஷம் திரும்பாத வீட்டு ஆட்களோடு ஒரே பஸ்ஸில், ஒரே பந்தியில் உட்கார மாட்டோம் என்று ராமேஸ்வரத்தில் ஒரு முறை பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்த விதி. தீட்டை நான் பார்ப்பதில்லை சார். வாடிக்கையாளர் பார்க்கிறார்கள்.

அவர் ஒன்பதுக்கு நேரே கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்துதான் போட்டார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய மகன் ஜப்பானில் இறந்துபோனவன் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவர் அனுப்பிய வக்கீல் நோட்டீசுக்கும் எழுத்து மூலமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் இருபத்திரண்டு கிளம்பினோம். ஏழு நாள் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு போட்டோ எடுக்கவில்லை. கடைக்குள் விட்டால் வாசலிலேயே நின்றார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு துணிப்பை, புதுசு, காலியாக மடித்தது. எங்கே போனாலும் அந்தக் காலிப்பையைத் தூக்கிக்கொண்டு வருவார். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். என் தொழில் அது.

கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது வேதரத்தினம் என்னிடம் வந்தார்.

“தம்பி, நாளைக்குக் காலைல மட்டும் எங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டு வேணும்.”

“எதுக்கு ஐயா?”

“அந்தப் புத்தர் கோயில்ல காட்டணும்.”

“கோயில்ல யார்கிட்ட காட்டப் போறீங்க, சாமிகிட்டயா?”

நான் சும்மா விளையாட்டாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கோமளம் மாமி என்று திருவாரூர்க்காரர் ஒருத்தர், அவர்தான் பஸ்ஸுக்கே தலைவி மாதிரி, “புத்தரும் விசா கேக்கறாரா? ஏற்கெனவே அவர் பெருமாளோட அவதாரமாச்சே, நம்மவாகிட்ட கேக்க மாட்டாரே” என்றார். இன்னும் சிரிப்பு. வேதரத்தினமும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்து மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. ஓடுகிறவன் கடைசி நாளில்தான் ஓடுவான், அந்த யோசனையிலேயே எனக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் மார்ச் இருபத்தொன்பது, சனிக்கிழமை. பத்து நாற்பதுக்கு இறங்கினோம். இருபத்தேழு தலை. பதினொன்று இருபதுக்கு பஸ், ரெண்டே முக்காலுக்கு விமான நிலையம். மஞ்சள் பை என் தோளில், குறுக்காக.

வானம் ஈயம் மாதிரி இருந்தது. காற்றில் உப்பு வாடை, நம் ஊர் மாதிரியே. சிலை திறந்த வெளியில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் மண்டபம் இருந்ததாம், கடல் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டதாம். ஹருமி அதைச் சொல்லி முடிக்கவில்லை, ஊரிலிருக்கிற ஒலிபெருக்கி எல்லாம் ஒன்றாக ஊளையிட ஆரம்பித்தன. அலை வந்தால் எப்படி ஓடுவது என்று அந்த ஊரில் மாதா மாதம் ஒத்திகையாம். “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்றாள். அவளுக்கு என்ன தெரியும், என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. ஒருத்தரும் அசையவில்லை. எல்லாரும் கடல் இருக்கிற பக்கம் திரும்பி நின்றார்கள். புத்தர் மட்டும் கடலைப் பார்க்காமல் மடியில் கையை வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ஊளை பிடிக்கவில்லை. அன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று அப்போதே மனசில் பட்டது. பட்டதை நான் அலட்சியம் செய்கிறவன் இல்லை.

அந்தச் சிலைக்குள் போகலாம் சார். வயிறு கூடு. பக்கத்தில் சின்னதாக ஒரு வாசல், குனிந்து போய்ப் படியேறினால் உள்ளே இருட்டாக ஒரு அறை மாதிரி. ஒரு தடவைக்கு முப்பது பேர்தான். நான் வாசலில் நின்று எண்ணி அனுப்பினேன். இருபத்தேழு உள்ளே. நடுவில் பஸ் டிரைவரிடம் நேரம் சொல்ல ஒரு நிமிஷம்தான் அந்தப் பக்கம் போனேன். பத்து நிமிஷம் கழித்து எண்ணி வெளியே விட்டேன். இருபத்தைந்து.

திரும்ப எண்ணினேன். இருபத்தைந்து.

உள்ளே ஓடினேன். வெண்கலத்துக்குள் மூச்சு விட்டால்கூடப் பெரிதாகக் கேட்கிறது. செண்பகவல்லி அம்மாள் மட்டும் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து நின்றுகொண்டிருந்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் நாலு பக்கமும் கேட்டது. “நிலவா, அப்பா வாங்கப் போயிருக்காங்கப்பா. இந்தா வந்துடுவாங்க.”

“யார்கிட்டம்மா பேசறீங்க?”

“பையன் தம்பி. ஞாயித்துக்கிழமையானா இதுக்குள்ள வந்து நின்னு பேசுவானாம். வேலை செய்யற எடத்துல பேச ஆள் இல்லை. இங்க தமிழ்ல பேசினா தமிழ்லயே திரும்பி வருதும்மான்னு எழுதுவான்.”

மகன் இங்கே இருக்கிறான்! முடிந்தது கதை. அம்மாள் என்னை இங்கே நிறுத்திவைக்கிறார், ஐயா அந்தப் பக்கம் மகனோடு நழுவுகிறார். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பலவந்தம் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். படி வழுக்கும், அதற்காகப் பிடித்தேன். அவர் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கை மட்டும் கடைசிவரை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது.

வேதரத்தினத்தைத் தேடினேன். சிலைக்குப் பின்னால் நந்தவனம், அதைத் தாண்டிக் கோயில் ஆபீஸ். அங்கே இருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் வயசான பிட்சு ஒருத்தர். மேஜைமேல் வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு பெட்டி, இவ்வளவுதான் இருக்கும், ஒரு படி நெல் கொள்ளும். வேதரத்தினம் அதைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார், மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி.

“சாமான் வாங்கறதுக்கு இப்ப நேரமில்ல ஐயா, வாங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் பின்னாலேயே ஓடிவந்த ஹருமி அந்தப் பெட்டியைப் பார்த்ததும் நின்று, இடுப்பு வரைக்கும் குனிந்தாள். அவர்கள் எதற்குத்தான் குனிய மாட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் பிட்சுவிடம் பேசினாள். பேசிவிட்டு என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள். கடலில் இறந்த பையன், வயது இருபத்தாறு. கிடைத்தபோது ஊருக்கு அனுப்பும் நிலையில் இல்லை. வேலை பார்த்த கம்பெனி இங்கேயே தகனம் செய்து அஸ்தியைக் கோயிலில் வைத்திருக்கிறது. தபாலில் அனுப்புகிற வழக்கம் இங்கே கிடையாது. பெற்றவர்கள் நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுவார்கள், விமானத்துக்குக் காகிதமும் கொடுப்பார்கள். இருபது நிமிஷம் ஆகும். ஒரு வருஷம்தான் வைத்திருப்பார்கள். கேட்க ஆள் வராவிட்டால் மற்றவர்களோடு பொதுக் குழி. வருஷம் ஏப்ரல் பதினாறோடு முடிகிறது.

அவள் சொன்னாள், சரி. அவளுக்கு யார் சொன்னது? அந்தப் பிட்சு. பிட்சுவுக்கு? இவர்தானே. அப்படியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மணி பதினொன்று பதினான்கு.

“ஐயா, நீங்க ஒன்பதாம் நம்பருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றேன்.

“போட்டேன் தம்பி. போடலேன்னா கூட்டிட்டு வந்திருப்பீங்களா? நாங்களா வர்றதுக்கு விசா குடுக்கல. ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தாச்சு.”

“பொய் சொல்லிட்டீங்களே. பஸ்ல இருக்கற இருபத்தஞ்சு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? சாப்பாட்டு அண்டா இருக்கற பஸ்ஸு. அதுல இதை ஏத்தறதா?”

“அவங்களுக்குத் தெரிய வேண்டாம். என் வேட்டிக்குள்ள சுத்தி இந்தப் பையில வச்சுக்கறேன். மடியிலேயே வச்சுக்கறேன், கீழ வைக்க மாட்டேன். ஒரு கையெழுத்துத் தம்பி. அந்தப் பையை ஒரு தடவை தொறங்க.”

வேண்டுமென்றால் அவர் என் தோளிலிருந்து பிடுங்கியிருக்கலாம். உப்பு மூட்டை தூக்கின கை. அப்படிச் செய்யவில்லை, அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

நான் என்ன செய்வது சார்? இருபத்தைந்து பேர் விமானம் ஒரு பக்கம். கோமளம் மாமிக்கு மட்டும் தெரிந்துவிட்டால் அன்றைக்கே என் தொழில் முடிந்தது. பதினொன்று பதினாறு ஆகிவிட்டது. அவர் காலில் விழப்போகிறார் என்று தெரிந்ததும், வயசில் பெரியவர், எனக்குப் பொறுக்கவில்லை. நானாகவே ஒரு வழி சொன்னேன். “வேற வழி இருக்கான்னு கேளு” என்று ஹருமியை விட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். பிட்சு ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தார். பெற்றவர்கள் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல் இரண்டு, அது ஏப்ரல் பதினாறுக்குள் வந்து சேர்ந்துவிட்டால் இன்னும் ஆறு மாதம் வைத்திருப்பார்கள்.

பாருங்கள், வழி இருந்தது. படிவத்தை வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்தேன். “ஊருக்குப் போன மறுநாளே நானே அனுப்பிவைக்கறேன் ஐயா. என் பொறுப்பு” என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதை யாரும் நோட்டீசில் எழுதவில்லை.

பிட்சு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார்.

பதினொன்று இருபத்திரண்டுக்கு பஸ் எடுத்தோம். இரண்டு நிமிஷம்தான் தாமதம். இருபத்தேழு தலை சரியாக இருந்தது. “கடைசியில புத்தர் பாஸ்போர்ட் கேட்டாரா?” என்றார் கோமளம் மாமி. வேதரத்தினம் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு கைமேல் ஒரு கை வைத்திருந்தார், நடுவில் ஏதோ இருக்கிற மாதிரி இடம் விட்டு. காலிப்பை அந்த அம்மாள் கையிலேயே இருந்தது. விமானத்திலும் அப்படியேதான் வந்தார்கள். ஒரு தொந்தரவு இல்லை. அவர்களைப்போல அமைதியான பயணிகள் எனக்குக் கிடைத்ததில்லை, மனசாட்சிப்படி சொல்கிறேன்.

ஊருக்கு மார்ச் முப்பதாம் தேதி வந்தோம். ஏப்ரல் மூன்றாம் தேதி எனக்குக் காசி டூர். முப்பத்திரண்டு பேர், எல்லாரும் அவரவர் அப்பா அம்மாவுக்குக் கங்கையில் காரியம் செய்யப் போகிறவர்கள். ஒரு பிண்டம் தவறாமல், ஒரு மந்திரம் தவறாமல் செய்து வைத்துத் திரும்பக் கூட்டிவந்தேன். அந்த மாதிரிக் காரியத்தில் என்னை நம்பலாம் சார், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நான் இல்லாதபோது வேதரத்தினம் மூன்று முறை வந்தாராம், ஆபீசில் இருக்கிற பெண் சொன்னாள். நாலாம் தேதி, எட்டாம் தேதி, பதினொன்றாம் தேதி. “அனுப்பியாச்சா?” என்று கேட்டாராம். “சார் எல்லாத்தையும் தானேதான் பாத்துக்குவாரு” என்று சொன்னாளாம். அவள் சொன்னதில் தப்பில்லை. அவர் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, “தம்பி சொன்னா செய்வாரு” என்று போய்விட்டாராம்.

பதின்மூன்றாம் தேதி நான் காசியிலிருந்து வந்தேன். பதினான்காம் தேதி வருஷப் பிறப்பு. பதினைந்தாம் தேதி பையைத் திறந்தபோதுதான் கையெழுத்து வாங்காமல் விட்டது தெரிந்தது. வேதாரண்யத்துக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஒரு தடவை அடித்தேன். எடுக்காதது என் தப்பா? அப்புறம் கோடைச் சீசன் ஆரம்பித்துவிட்டது.

படிவத்தை நான் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது அபாண்டம். இதோ பாருங்கள், உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

கோயிலிலிருந்து கடிதம் மே மாதம் வந்தது. ஹருமிதான் மொழிபெயர்த்து அனுப்பினாள். இந்தத் தடவை நம் டூருக்கு வர மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள், வேறு ஆள் பார்த்திருக்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். பெரிய புத்தர் கோயில் அட்டவணையில் அப்படியேதான் இருக்கிறது, அதே நாற்பது நிமிடம். கடிதத்தில் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. தேதியும் நேரமும் பட்டியலும்தான்.

ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, கோயிலின் பின்புறத்தில், கேட்க ஆள் வராத பதினான்கு பெட்டிகளைத் திறந்து பொதுக் குழியில் சேர்த்தார்கள். பட்டியலில் ஆறாவது பேர் வேதரத்தினம் நிலவன், வயது இருபத்தாறு.